ஐக்கியமும் ஜனாதிபதி பதவியும்: கென்ய எதிர்க்கட்சிகளின் அனுபவம்



சர்வாதிகாரத்தை எதிர்த்துப் பல்லாண்டுகள் தோளோடு தோள் நின்று சிறையையும் வறுமையையும் ஏற்றுக்கொண்ட கட்சிகள், அந்தச் சர்வாதிகாரம் தளர்ந்து தேர்தலுக்கு வழி பிறக்கிற அதே வேளையில் தமக்குள் பிளவுபட்டுப் போவது ஏன் என்னும் வினா, அரசியல் சாஸ்திரம் பயில்வோரை நெடுங்காலமாக வருத்தி வந்திருக்கிறது. இதற்கு விடை காண, பொதுவான சித்தாந்தங்களைவிட ஒரு தேசத்தின் சரித்திரத்தைத் துணைக்கொள்வதே நலம் என்று கருதுகிறேன். கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யாவில், 1992, 1997, 2002, 2007 ஆகிய நான்கு தேர்தல்களில், பெரும்பாலும் அதே மனிதர்கள் பிரிந்து தோற்றார்கள். மீண்டும் பிரிந்து மீண்டும் தோற்றார்கள். பின்பு ஒன்றுபட்டு மகத்தான வெற்றி பெற்றார்கள். அந்த வெற்றிக்குப் பின் மறுபடியும் பிரிந்து, தேசத்தையே இரத்தத்தில் தள்ளும் அளவுக்குப் போனார்கள். ஒரே நாட்டில், ஒரே தலைமுறையில், இத்தனை விதமான உதாரணங்கள் ஒருங்கே கிடைப்பது அபூர்வம்.

இத்தகைய பிளவுகளைக் கேள்வியுறும்போது, பதவி மோகம் கொண்ட தலைவர்கள் நாட்டைக் கெடுத்தார்கள் என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புக் கூறிவிட்டு நாம் அப்பால் போய்விடுகிறோம். அத்தீர்ப்பில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அது போதிய விளக்கமாகாது. பதவியை விரும்பாதவர் அரசியலுக்கு வருவது அரிது. வந்தாலும் நிலைப்பது அதனினும் அரிது. பார்லிமெண்டு முறை நடைபெறும் நாடுகளில் பத்துப் பேருடைய ஆசையைப் பத்து மந்திரி ஸ்தானங்களைக் கொண்டு ஓரளவு தணித்துவிடலாம்; ஜனாதிபதி முறையிலோ நாற்காலி ஒன்றே, அதைப் பகுத்துக் கொடுக்க எவராலும் இயலாது. அந்த நாற்காலிக்குரிய அபேட்சகர் யார் என்பதை எந்த முறையால் தீர்மானிப்பது என்று முன்கூட்டியே உடன்பாடு காணாத ஐக்கியம், எத்தனை மகாநாடுகளைக் கூட்டினாலும், எவ்வளவு உருக்கமான பிரதிக்ஞைகளைச் செய்தாலும், தேர்தல் நெருங்க நெருங்கச் சிதைந்தே தீரும் என்பதுதான் கென்யாவின் அனுபவத்திலிருந்து நான் அடைந்த முடிவு. அதை உங்கள் முன் நிலைநாட்ட முயல்கிறேன்.

முதலில் அந்தப் பதவியின் பரிமாணத்தை அறிந்துகொள்ள வேண்டும். 1963 டிசம்பர் 12-ஆம் தேதி சுதந்திரம் பெற்றபோது கென்யாவில் பிரதம மந்திரியும், பிராந்தியங்களுக்கு ஓரளவு அதிகாரமும் கொண்ட ஓர் அரசியல் சட்டம் அமலில் இருந்தது. ஓராண்டு நிறைந்ததும் நாடு குடியரசாயிற்று. ஜோமோ கென்யாட்டா ஜனாதிபதியானார். பிராந்தியங்களின் அதிகாரம் கரைந்து தலைநகரில் வந்து குவிந்தது. மாகாண அதிகாரி முதல் கிராமத் தலைவர் வரையில் அனைவரும் ஜனாதிபதியின் நியமனத்துக்கும் கட்டளைக்கும் உட்பட்டவர்களானார்கள். வெள்ளையர் விட்டுச் சென்ற நிலம் யாருக்குச் சேர வேண்டும், சாலை எந்த ஜில்லாவுக்குப் போக வேண்டும், உத்தியோகம் எந்த இனத்தாருக்குக் கிட்ட வேண்டும் என்ற யாவும் அந்த ஒரு மாளிகையின் வாசலில் தீர்மானமாயின. விசாரணையின்றிச் சிறை வைக்கும் அதிகாரமும் அங்கேயே இருந்தது. ஆட்சி என்பது ஒரு பந்தி, ஒவ்வோர் இனமும் தன் முறை வரும்போது அமர்ந்து உண்ண வேண்டியது என்ற பாவனை அந்நாட்டு மக்களின் சாதாரணப் பேச்சிலேயே வேரூன்றிவிட்டது. தம் தலைவர் ஜனாதிபதியாகாவிட்டால் அடுத்த ஐந்தாண்டுகளோ பத்தாண்டுகளோ தமக்கு இலை விழாது என்று ஓர் இனத்தார் முழுவதும் அஞ்சுகிற இடத்தில், அத்தலைவர் பெருந்தன்மையோடு விலகிக்கொள்ள விரும்பினாலும் அவரை விலகவிடுவதற்கு ஆட்கள் இருப்பதில்லை.

இன்னொரு பழைய காயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கென்யாட்டா கிக்கூயு இனத்தவர். உதவி ஜனாதிபதியாயிருந்த ஜாராமோகி ஒகிங்கா ஒடிங்கா லுவோ இனத்தவர். நிலப் பங்கீடு பற்றியும் அயல்நாட்டுக் கொள்கை பற்றியும் இருவருக்கும் மூண்ட அபிப்பிராய பேதம் முற்றி, 1966-இல் ஒடிங்கா வெளியேறித் தனிக் கட்சி கண்டார். அதற்கு முன்னரே, 1965 பிப்ரவரியில், அவருடைய நெருங்கிய சகாவும் கோவா வம்சாவளியினருமான பியோ காமா பின்டோ நைரோபியில் தம் வீட்டு வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்திய வம்சத்தில் தோன்றி ஆப்பிரிக்க விடுதலைக்கு உயிர் கொடுத்த அந்தத் தியாகியின் பெயரை நம்மவரில் பலர் கேட்டதுகூட இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 1969 ஜூலையில், ஆளும் கட்சியிலேயே இருந்த லுவோ தலைவர் டாம் ம்போயாவும் சுடப்பட்டு இறந்தார். அதே ஆண்டில் ஒடிங்காவின் கட்சி தடை செய்யப்பட்டு, அவரும் சிறைப்பட்டார். இந்த இரண்டு பெரிய இனங்களுக்கும் இடையே அன்று விழுந்த அவநம்பிக்கை, பின்னால் நிகழ்ந்த ஒவ்வொரு சமரசப் பேச்சிலும் அழைக்கப்படாத விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருந்தது.

1978-இல் கென்யாட்டா காலமானார். கலென்ஜின் சமூகத்தைச் சேர்ந்த டேனியல் அராப் மோய் ஜனாதிபதியானார். 1982 ஜூனில் அரசியல் சட்டத்திலேயே ஒரு கட்சி ஆட்சி எழுதப்பட்டது. ஆகஸ்டு முதல் தேதி விமானப் படையினர் நடத்திய புரட்சி முயற்சி முறியடிக்கப்பட்டதும் அடக்குமுறை பன்மடங்காயிற்று. 1988-இல் ரகசிய வாக்குச் சீட்டுக்குப் பதிலாக, வாக்காளர்கள் தாம் ஆதரிக்கும் அபேட்சகரின் படத்துக்குப் பின்னால் பட்டப்பகலில் வரிசையாக நிற்க வேண்டும் என்ற முறை வந்தது. நீண்ட வரிசையின் முன் நின்றவர் தோற்றதாகவும், குறுகிய வரிசையின் முன் நின்றவர் வென்றதாகவும் அறிவிக்கப்பட்ட அக்கிரமங்களைக் கண்ட ஜனங்களின் பொறுமை அன்றோடு தீர்ந்தது. மந்திரியாயிருந்த கென்னத் மட்டிபா அவ்வாண்டின் இறுதியில் பதவியைத் துறந்து வெளியே வந்தார்.

செல்வந்தர், வியாபாரத்தில் தேர்ந்தவர், அச்சமற்றவர், கிக்கூயு மக்களிடையே பெருஞ்செல்வாக்குடையவர் மட்டிபா. அவரும் அவருடைய சகாவான சார்லஸ் ரூபியாவும், பல கட்சி ஆட்சி வேண்டி, 1990 ஜூலை 7-ஆம் தேதி நைரோபியின் கமுகுன்ஜி மைதானத்தில் கூட்டம் நடத்த அனுமதி கோரியதற்காகவே முன்னதாகக் கைது செய்யப்பட்டனர். ஆயினும் ஜனங்கள் திரண்டார்கள், துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, பலர் மாண்டார்கள். சிறையிலிருந்த மட்டிபா பக்கவாதத்தால் தாக்கப்பட்டு, விடுதலையான பின் லண்டனில் சிகிச்சைக்குச் சென்றார். அவர் அங்கே இருக்கையில், 1991 ஆகஸ்டில், எண்பது வயதை நெருங்கிய ஒடிங்காவும், மசிண்டே முலிரோ, மார்ட்டின் ஷிகுகு முதலானோரும் சேர்ந்து ஆறு பேராக, ஜனநாயகத்தை மீட்பதற்கான மன்றம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஃபோர்டு என்று அது வழங்கலாயிற்று. நவம்பரில் பாரிஸில் கூடிய உதவி நாடுகள் புதிய கடனுதவியை நிறுத்தி வைத்தன. டிசம்பரில் மோய் பணிந்து, ஒரு கட்சி ஷரத்தை நீக்கினார்.

அன்று அந்த மன்றத்துக்கு இருந்த செல்வாக்கை வர்ணிப்பது கடினம். லுவோக்களின் ஒடிங்கா, லூயாக்களின் முலிரோவும் ஷிகுகுவும், லண்டனில் இருந்தபடியே கிக்கூயுக்களின் மனத்தில் வீற்றிருந்த மட்டிபா, பால் முய்ட்டே, ஜேம்ஸ் ஒரெங்கோ போன்ற இளம் வக்கீல்கள் ஆகிய அனைவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். வெளியே நின்ற பெரிய தலைவர் ஒருவரே. பத்தாண்டுகள் மோயின் உதவி ஜனாதிபதியாயிருந்த பொருளாதார நிபுணர் ம்வாய் கிபாகி, ஆளும் கட்சியை வீழ்த்த நினைப்பது சவரபிளேடால் அத்தி மரத்தை வெட்ட முயல்வதற்கு ஒப்பாகும் என்று சொல்லியிருந்தவர், 1991 கிறிஸ்துமஸ் சமயத்தில் மந்திரி சபையிலிருந்து விலகித் தனியாக ஜனநாயகக் கட்சியை ஆரம்பித்தார்.

1992 மே மாதம் மட்டிபா நைரோபி திரும்பினார். வரவேற்கத் திரண்ட கூட்டம் கட்சியின் விழாவாகவும் இருந்தது. ஜனாதிபதி பதவிக்கு மட்டிபா நிற்பார் என்ற பிரகடனமாகவும் இருந்தது. இருபது வருஷத்துக்கும் மேலாக வனவாசம் அனுபவித்த கிழவர் ஒடிங்கா, இது தம் கடைசி வாய்ப்பு என்பதை அறிந்திருந்தார். இங்கேதான் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். அபேட்சகரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற விவாதம் எழுந்தது. கிளைகளிலிருந்து வரும் பிரதிநிதிகள் மகாநாட்டில் கூடித் தேர்ந்தெடுக்கட்டும் என்றது ஒடிங்காவின் அணி. ஒவ்வோர் அங்கத்தினரும் நேரடியாக வாக்களிக்கட்டும் என்றது மட்டிபாவும் ஷிகுகுவும் சேர்ந்த அணி. இரண்டுமே ஜனநாயகத்துக்கு ஒத்த முறைகள். ஒன்றை நியாயம் என்றும் மற்றதை அநியாயம் என்றும் கூற இடமில்லை. ஆனால் கட்சியின் நிர்வாகம் ஒடிங்காவின் கையில் இருந்தபடியால் பிரதிநிதிகள் முறை அவருக்குச் சாதகமாயிருந்தது. ஜனநெருக்கம் மிக்க மத்திய மாகாணமும் நைரோபியும் மட்டிபாவின் பக்கம் சாய்ந்திருந்தபடியால் நேரடி முறை அவருக்குச் சாதகமாயிருந்தது. போட்டியிடுவோர் இன்னார் இன்னார் என்று தெரிந்த பிறகு, எந்த முறையும் நடுநிலையான முறையாக இருக்க முடிவதில்லை. 1991 ஆகஸ்டில், மட்டிபா நோயாளியாயும் ஒடிங்கா வெறும் தலைவராயும் இருந்த வேளையில், இந்த ஒரு கேள்வியை எழுதி முடித்துக் கையொப்பமிட்டிருந்தால் அது சில மணி நேரத்து வேலை. 1992 ஜூலையில் அது ஜீவ மரணப் பிரச்சனையாகிவிட்டது.

இரு அணிகளும் தத்தம் காரியாலயம் இருந்த கட்டடங்களின் பெயரால் அஜிப் ஹவுஸ் என்றும் முத்திதி ஹவுஸ் என்றும் அழைக்கப்பட்டன. இரு சாராரும் மதிக்கத்தக்க நடுவராயிருந்த முலிரோ, ஆகஸ்டு மாதத்தில், லண்டனிலிருந்து திரும்பி நைரோபி விமான நிலையத்தில் இறங்கியவுடன் உயிர் நீத்தார். கிறிஸ்தவ சபையினர் சமரசம் பேசினார்கள். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற வங்காரி மாத்தாய் அம்மையார், எதிர்க்கட்சிகளை ஒன்றுசேர்ப்பதற்கென்றே ஒரு நடுநிலைக் குழுவை அமைத்து, கட்சி கட்சியாகச் சென்று மன்றாடினார். பயனில்லை. அக்டோபருக்குள் ஃபோர்டு-கென்யா, ஃபோர்டு-அசிலி என்று இரண்டு கட்சிகள் பதிவாகிவிட்டன.

டிசம்பர் 29-ஆம் தேதி நடந்த தேர்தலில் மோய் சுமார் 19 லட்சத்து 60 ஆயிரம் வாக்குகள், அதாவது 36 சதவீதம் பெற்றார். மட்டிபாவுக்கு 26, கிபாகிக்கு 19.5, ஒடிங்காவுக்கு 17.5 சதவீதம். நூற்றுக்கு அறுபத்து மூன்று பேர் மோய் வேண்டாம் என்று சொல்ல, மோயே ஜனாதிபதியாக நீடித்தார். சட்டசபையின் 188 தேர்தல் ஸ்தானங்களில் 100 அவர் கட்சிக்குப் போயிற்று.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், இத்தோல்விக்குப் பிளவு மட்டுமே காரணமன்று. ரிஃப்ட் பள்ளத்தாக்கில் எதிர்க்கட்சி அபேட்சகர்கள் பலர் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவே விடப்படவில்லை. அங்கே கலகங்கள் மூட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். சர்க்காரின் பணம் வெள்ளமாக ஓடியது. மேலும், மூவர் பெற்ற வாக்குகளையும் கூட்டிப் பார்த்து, ஒருவரே நின்றிருந்தால் அறுபத்து மூன்றும் அவருக்கு விழுந்திருக்கும் என்று கணக்கிடுவது பிழையாகும். மட்டிபாவுக்கும் கிபாகிக்கும் வாக்களித்த மத்திய மாகாணத்துக் கிக்கூயுக்கள் எல்லோரும் ஒடிங்காவுக்கு வாக்களித்திருப்பார்களா? 1969-ஐ மறவாத நியான்சா மாகாணத்து லுவோக்கள் எல்லோரும் மட்டிபாவை ஏற்றிருப்பார்களா? சந்தேகம்தான். ஆனால் அறுபத்து மூன்றில் முப்பத்தேழு நிலைத்திருந்தாலே போதுமானதல்லவா? அதற்கு வேண்டிய நம்பிக்கையை ஊட்டக்கூடியவர்கள் தலைவர்களே. அவர்களோ ஒருவரையொருவர் தூற்றிக்கொண்டு, தம் ஜனங்களின் பழைய பயத்துக்குப் புதிய எண்ணெய் வார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒடிங்கா 1994 ஜனவரியில் காலமானார். 1997 தேர்தலைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. ஃபோர்டு-கென்யாவில் தலைமைக்காக கிஜானா வமால்வாவும் ஒடிங்காவின் புதல்வர் ரைலாவும் மோதிப் பிரிந்தார்கள். மட்டிபா தேர்தலைப் புறக்கணித்தார். கிபாகி, ரைலா, வமால்வா, சாரிட்டி இங்கிலு எனும் அம்மையார் என நால்வர் தனித்தனியே நின்றார்கள். மோய் 40 சதவீதத்தைக் கொண்டு மீண்டும் வென்றார்.

2002-இல் நடந்ததே கவனமாக ஆராயத்தக்கது. இரண்டு தவணைகளுக்கு மேல் ஒருவர் ஜனாதிபதியாயிருக்க முடியாது என்ற விதியால் மோய் விலக வேண்டியிருந்தது. முன் தேர்தலில் தனித்தனியே தோற்ற கிபாகியும், வமால்வாவும், இங்கிலுவும் இம்முறை தேர்தலுக்கு வெகு முன்னதாகவே உட்கார்ந்து பேசி, கிபாகி ஜனாதிபதி அபேட்சகர், வமால்வா உதவி ஜனாதிபதி, புதிய அரசியல் சட்டத்தின் கீழ் இங்கிலு பிரதம மந்திரி என்று வரிசைப்படுத்திக்கொண்டார்கள். எதிர்க்கட்சிகளின் வெற்றிக்கு அஸ்திவாரம் அங்கேயே போடப்பட்டது என்பது என் திடமான அபிப்பிராயம். பின்னால், மோய் தம் வாரிசாக உஹுரு கென்யாட்டாவை நியமித்ததை ஏற்காமல், இதற்கிடையே ஆளும் கட்சியில் சேர்ந்திருந்த ரைலா ஒடிங்கா, கலோன்சோ முசியோகா, ஜார்ஜ் சைதோட்டி முதலானோர் ஆளும் கட்சியை விட்டு வெளியேறி வந்தார்கள். அவர்களிலும் பதவிக்கு ஆசைப்பட்டவர் ஒருவர் அல்லர். 1992-இன் நாடகம் மறுபடியும் அரங்கேறும் என்று பலர் எதிர்பார்த்தார்கள்.

அக்டோபர் 14-ஆம் தேதி நைரோபியின் உஹுரு பூங்காவில் கூடிய பெருங்கூட்டத்தில் ரைலா எழுந்து, கிபாகியே போதுமானவர், அவரே நம் அபேட்சகர் என்று சுவாகிலி மொழியில் இரண்டே சொற்களில் அறிவித்தார். தந்தையார் காலந்தொட்டுத் தம் குடும்பம் விரும்பிய பதவியை, தந்தையின் பழைய போட்டியாளரும் கிக்கூயு இனத்தவருமான ஒருவருக்கு, ஒரு லுவோ தலைவர் விட்டுக்கொடுத்தார். அதன் பலன் உடனே தெரிந்தது. டிசம்பர் தொடக்கத்தில் மோட்டார் விபத்தில் காயமுற்று கிபாகி லண்டனில் படுத்திருக்க, ரைலா ஊர் ஊராகச் சென்று அவருக்காகப் பிரசாரம் செய்தார். நியான்சாவின் லுவோக்கள் திரள் திரளாக ஒரு கிக்கூயுவுக்கு வாக்களித்தார்கள். டிசம்பர் 27-ஆம் தேதித் தேர்தலில் கிபாகிக்கு 62 சதவீதம், உஹுரு கென்யாட்டாவுக்கு 31 சதவீதம். நாற்பதாண்டு ஆளும் கட்சி ஆட்சியை இழந்தது. இன பேதம் வெல்ல முடியாதது என்போருக்கு இந்தத் தேர்தலே மறுமொழி.

இருந்தும், இந்த ஐக்கியத்தின் உள்ளே ஒரு கறையான் இருந்தது. கிபாகியின் அணிக்கும் ரைலாவின் அணிக்கும் இடையே ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டிருந்தது: மந்திரி பதவிகளில் சரிபாதி, புதிய அரசியல் சட்டத்தில் பிரதம மந்திரி ஸ்தானம், முன்பு இங்கிலுவுக்கெனப் பேசப்பட்டிருந்த அது இப்போது ரைலாவுக்கு. ஆனால் அது தலைவர்களின் பெட்டியில் உறங்கிய காகிதமாகவே இருந்தது. பொதுமக்கள் முன் வாசிக்கப்படவுமில்லை; மீறினால் இன்னது என்று சொல்லும் சட்ட பலமும் அதற்கு இல்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்து பதவிப் பிரமாணம் செய்த கிபாகியைச் சூழ்ந்திருந்தவர்கள், பதவி கைக்கு வந்ததும் அந்தக் காகிதத்தை மறந்தார்கள். இவ்விஷயத்தில் ரைலாவின் பக்கமே நியாயம் இருந்தது என்று கூற நான் தயங்கவில்லை. விட்டுக்கொடுத்தவருக்குக் கொடுத்த வாக்கு காற்றில் போகும் என்றால், அடுத்த முறை விட்டுக்கொடுக்க எவர் முன்வருவார்? 2005 நவம்பரில் சர்க்கார் கொணர்ந்த அரசியல் சட்ட நகல் ஜன வாக்கெடுப்பில் தோற்றது. எதிர்த்தவர்களின் சின்னம் ஆரஞ்சுப் பழம். அதன் பெயராலேயே ரைலாவும் முசியோகாவும் வில்லியம் ரூட்டோவும் முசாலியா முடவாடியும் புதிய எதிர்க்கட்சி இயக்கத்தைக் கட்டினார்கள்.

அந்த ஆரஞ்சு இயக்கத்தில் ஜனாதிபதியாக விரும்பியவர் ஐந்தாறு பேர். தொடக்கத்தில் எல்லோரும் ஒரே மேடையில் கைகோத்து நின்றார்கள். அபேட்சகரை ஒருமனதான உடன்பாட்டால் தேர்ந்தெடுப்பதா, பிரதிநிதிகளின் வாக்கால் தேர்ந்தெடுப்பதா என்ற பழைய விவாதம் மாதக்கணக்கில் நீண்டது. முடிவில், 2007 ஆகஸ்டில் இயக்கம் இரண்டாகி, ஒரு பகுதி முசியோகாவை நிறுத்தியது. மறு பகுதியின் பிரதிநிதிகள் செப்டம்பர் முதல் தேதி கசரானி அரங்கத்தில் வாக்களித்து ரைலாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவ்வாக்கெடுப்பில் தோற்ற முடவாடியும் ரூட்டோவும் கட்சியை விட்டு ஓடவில்லை. முன்னரே ஒப்புக்கொண்ட முறையில் தோற்றவர்களாதலால், ரைலாவின் பக்கத்திலேயே நின்று தத்தம் பிரதேசத்து வாக்குகளைத் திரட்டித் தந்தார்கள். ஆசையில் இவர்கள் முசியோகாவுக்கு எவ்விதத்திலும் குறைந்தவர்கள் அல்லர். முறையை ஏற்றதும் ஏற்காததுமே இவர்களையும் அவரையும் பிரித்தது.

2007 தேர்தலில், அறிவிக்கப்பட்ட கணக்கின்படி கிபாகிக்கு 46 சதவீதமும் ரைலாவுக்கு 44 சதவீதமும் கிடைத்தன; வித்தியாசம் இரண்டே கால் லட்சத்துக்குச் சற்று மேல். முசியோகா பெற்றவையோ எட்டேமுக்கால் லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள். தேர்தல் முடிந்த சில தினங்களில் அவரையே கிபாகி உதவி ஜனாதிபதியாக நியமித்தார். வாக்கு எண்ணிக்கையோ சீர்கெட்டிருந்தது. உண்மையில் வென்றவர் யார் என்று சொல்லவே இயலாது என்று பின்னர் விசாரித்த நீதிபதி கிரீக்லரின் குழு கூறிற்று. அந்தச் சந்தேகத்திலிருந்து எழுந்த கலவரத்தில் ஆயிரத்து நூறு பேருக்கு மேல் மாண்டார்கள், லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். 2008 புத்தாண்டு தினத்தன்று எல்டோரெட் நகருக்கு அருகே கியம்பா என்னும் இடத்தில், அடைக்கலம் புகுந்திருந்த பெண்களும் குழந்தைகளும் இருந்த மாதாகோயிலுக்குத் தீ வைக்கப்பட்டது. தலைவர்களின் போட்டி தலைவர்களோடு முடிந்துவிடுவதில்லை. அவர்கள் முகத்தை ஒருபோதும் நேரில் காணாத ஏழைகள் அதற்குத் தம் பிள்ளைகளைக் கொடுக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் முன்னாள் பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் நைரோபியில் பல வாரங்கள் தங்கிப் பேசி, பிப்ரவரி 28-ஆம் தேதி கிபாகியும் ரைலாவும் உடன்படிக்கையில் கையொப்பமிடச் செய்தார். 2002-இல் எழுதி மறக்கப்பட்ட அதே பிரதம மந்திரி ஸ்தானம், இத்தனை உயிர்கள் போன பிறகு, இம்முறை சட்டமாகவே இயற்றப்பட்டு ரைலாவுக்குக் கிடைத்தது.

இது கென்யாவுக்கே உரிய சாபமா என்று கேட்போர் உண்டு. அன்று. 1987-இல் தென் கொரியாவில், ஜூன் மாத மாபெரும் கிளர்ச்சியால் ராணுவ ஆட்சியை வளைத்து நேரடித் தேர்தலைப் பெற்ற பின்பு, கிம் யங்-சாம், கிம் டே-ஜுங் என்ற இரண்டு தலைவர்களும் ஒருவருக்கொருவர் இடங்கொடாமல் நின்று, முறையே 28, 27 சதவீதம் பெற, ராணுவத்தின் ஆளான ரோ டே-வூ 36 சதவீதத்துச் சொச்சத்தில் ஜனாதிபதியானார். அதற்கு முன், 1985 டிசம்பரில், பிலிப்பைன்ஸில் சர்வாதிகாரி மார்க்கோஸை எதிர்த்து நின்ற கொரசோன் அக்கினோவும் சால்வடோர் லாரெலும் ஒன்றுபட்டார்கள். லாரெல் உதவி ஜனாதிபதி ஸ்தானத்துக்கு இறங்கினார். பதிலாக அக்கினோ அம்மையார் லாரெலின் கட்சிப் பெயரிலேயே நிற்க ஒப்புக்கொண்டார். மணிலாவின் கார்டினல் சின் அந்தச் சமரசத்துக்குத் துணை நின்றார். இருவருமே எதையோ பெற்று எதையோ இழந்தார்கள். அதை ஊரெல்லாம் கண்டது. அங்கும் வெற்றிக்குப் பின் லாரெல் பெற்ற பிரதம மந்திரி பதவி சில வாரங்களிலேயே நீக்கப்பட்டு, மனக்கசப்பு முற்றி அவர் பிரிந்தார் என்பதையும் நாம் மறைக்கலாகாது.

கென்யாவின் 2010-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் இந்நோய்க்குப் பாதி மருந்தைக் கொடுத்திருக்கிறது. இன்று ஜனாதிபதியாக வர, மொத்த வாக்குகளில் பாதிக்கு மேலும், 47 பிரதேசங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் நான்கில் ஒரு பங்கேனும் வேண்டும். எவருக்கும் அது கிட்டாவிட்டால் முதலிருவர் மறுபடி போட்டியிட வேண்டும். 36 சதவீதத்தை வைத்துக்கொண்டு ஒருவர் ஐந்தாண்டுகள் ஆள்வது இனி இயலாது. அதிகாரத்தில் ஒரு பகுதி பிரதேச ஆட்சிகளுக்குப் பிரிந்து போயிருப்பதால், ஜனாதிபதி பதவி எட்டாதவருக்கும் ஓர் இலை உண்டு. ஆயினும் அபேட்சகரைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியை எந்த அரசியல் சட்டமும் கட்சிகளுக்காகத் தீர்த்து வைக்க முடியாது. 2013-இலும் 2017-இலும் முசியோகா ரைலாவுக்கு உதவி அபேட்சகராக நின்றார். 2018 மார்ச்சில் ரைலா, கூட்டணித் தோழர்களை ஒதுக்கிவைத்துத் தாம் மட்டும் ஜனாதிபதி உஹுரு கென்யாட்டாவுடன் கைகுலுக்கிச் சமாதானம் செய்துகொண்டார். வாக்குத் தவறுதலால் ஒருமுறை புண்பட்டவரே பிறரைப் புண்படுத்தியது, அவர்மீது மிகுந்த மதிப்புள்ள எனக்கு இன்றும் வேதனை தருகிறது. ஐந்து முறை ஜனாதிபதி தேர்தலில் நின்றும் அப்பதவியை எட்டாமலே, 2025 அக்டோபரில், சிகிச்சைக்காக வந்திருந்த கேரள மண்ணில் ரைலா ஒடிங்கா காலமானார்.

2027 ஆகஸ்டில் கென்யா தன் ஜனாதிபதியை மீண்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே எதிரணியில் முசியோகா உட்பட ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் அந்தப் பதவியின்மேல் கண் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும், எந்த நாட்டிலேனும் இப்படி ஒரே நாற்காலியை நோக்கிப் பலராகச் செல்லும் கட்சிகளுக்கும் இந்த மேடையிலிருந்து நான் செய்துகொள்ளும் விண்ணப்பம் இதுவே: பெயர்களைப் பேசுமுன் முறையைப் பேசுங்கள், தோற்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் அன்றே எழுதுங்கள், எழுதியதைப் பெட்டியில் வையாமல் ஜனங்கள் முன்னிலையில் வாசியுங்கள், வென்ற பிறகு அதை ஓர் எழுத்தும் குறையாமல் நிறைவேற்றுங்கள்.